ஏழு அட்டைகளும் ஒரு பழைய பாவாடையும்

புஷ்பம் பிறந்தது 1936 என்று பள்ளிச் சான்றிதழும் 1938 என்று ரேஷன் அட்டையும் சொல்கின்றன. பள்ளிச் சான்றிதழே இங்கே கொள்ளப்படுகிறது. ஊர் சாத்தான்குளம். படிப்பு எட்டாம் வகுப்பு. 1956-இல் கனகராஜை மணந்து மறு ஆண்டு சென்னைக்கு வந்தார். கனகராஜ் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையின் சேலைப் பிரிவில் விற்பனையாளர். குடியிருந்தது மந்தைவெளியில், ஒரு கூடமும் சமையலறையும் கொண்ட வாடகை வீட்டில். 1961-இல் புஷ்பம் அரசுத் தையல் தேர்வில் கீழ்நிலை தேறினார். 1969 ஆகஸ்டில் அந்த வட்டாரத்துப் பெண்கள் ஒரு தையல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது உறுப்பினர் பதிவேட்டில் நான்காவதாக எழுதப்பட்ட பெயர் அவருடையது. அவருக்கு அங்கே வேலை, துணி வெட்டுவது.

சங்கத்தில் பத்தொன்பது பெண்கள் இருந்தார்கள். எட்டுத் தையல் இயந்திரங்கள் இருந்தன. இயந்திரங்கள் சங்கத்துக்குச் சொந்தமல்ல. அரசுத் துறை ஒன்று நிபந்தனையோடு கொடுத்து வைத்திருந்தவை. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நிலையான வேலை இல்லையென்று கண்டால் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு சொல்லியது. நிலையான வேலை என்று சங்கத்துக்கு இருந்தது ஒன்றுதான். அபிராமபுரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் நீலப் பாவாடைகள். 1970-லும் 1971-லும் அந்தப் பாவாடைகளைச் சங்கமே தைத்தது. 1972-இல் அந்த வேலை தியாகராய நகரின் பெரிய கடை ஒன்றுக்குப் போயிற்று. 1973-லும் போனால் ஏழாம் பிரிவு நடைமுறைக்கு வரும்.

இதுவரை சொன்னவை ஆவணங்களில் உள்ளவை. இனி வருபவை உடனிருந்தவர்கள் சொன்னவை.

1972-இல் வேலை கைவிட்டுப் போனதற்குக் காரணம் தையலில் இல்லை. பள்ளியின் நிர்வாகக் குழுவில் ஏழு பேர். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் அவர்கள் கூடி, சீருடை தைத்துத் தர விரும்புகிறவர்களை வரிசையாக உள்ளே அழைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம் பேச விடுவார்கள். பத்தாவது நிமிடத்தில் தலைமையாசிரியை மேசை மணியை அடிப்பார். சங்கத்தின் சார்பில் அந்த ஆண்டு பேசியவர் தலைவர் கோமளம் மாமி. மயிலாப்பூரில் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பம். மாதர் சங்கக் கூட்டங்களில் பேசிப் பழகிய குரல். மாமி எழுந்து நின்று, கல்விக்கென்றே வாழ்நாளை அர்ப்பணித்துவிட்ட தாளாளர் அவர்களே என்று தொடங்கி, ஏழு பேரையும் அவரவர் பட்டம், பதவி, செய்த அறப்பணி, வகிக்கும் பொறுப்பு ஆகியவற்றோடு விளித்து, நடுவில் ஒருவருடைய தலைப்பெழுத்தை மாற்றிச் சொல்லிவிட்டு அதற்காக மன்னிப்புக் கேட்டு, பள்ளியின் நாற்பதாண்டு வரலாற்றைச் சுருக்கிச் சொல்லி, "இனி விஷயத்துக்கு வருகிறேன்" என்றபோது மணி அடித்துவிட்டது. சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் அன்றைய பதிவு ஒரே வரி: தலைவர் பேசினார், நேரம் போதவில்லை.

ஆகவே 1973 ஜனவரியில் கூடிய உறுப்பினர் கூட்டத்தில், இந்த முறை புஷ்பம் பேசட்டும் என்று நஸ்ருன்னிசா சொன்னார். நஸ்ருன்னிசா மூன்றாவது இயந்திரத்தில் தைப்பவர். மனத்தில் பட்டதை மடக்கி வைக்கத் தெரியாதவர். கோமளம் மாமியின் முகம் சுருங்கிற்று. ஆனால் மறுக்கவில்லை. துணியைப் பற்றித் தெரிந்தவள் பேசுவதுதான் நியாயம் என்று தாமே சொல்லி, போன ஆண்டு தாம் படித்த நாலு பக்கத் தாளைப் புஷ்பத்தின் கையில் கொடுத்தார். ஒன்றையும் மாற்ற வேண்டாம், படித்தால் போதும் என்பது அவர் எண்ணம்.

புஷ்பம் அதைப் படித்துப் பழகினார். வெட்டும் மேசையை ஒட்டி நின்று அவர் படிக்க, நஸ்ருன்னிசா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கத்தரிக்கோலால் மேசையைத் தட்டினார்.

"அக்கா, மூணே முக்கா நிமிசம் ஆயிட்ச்சு. நீ இன்னும் வணக்கத்துலயே நின்னுக்கினு கீறே. பஸ்ஸு போயிட்ச்சு, எறங்கு."

அறை முழுவதும் சிரித்தது. புஷ்பமும் சிரித்தார். ஆனால் அவருக்கு உள்ளுக்குள் கலக்கமாக இருந்தது. அந்தத் தாளில் பாவாடை என்ற சொல் மூன்றாம் பக்கத்தில்தான் முதன்முதலாக வந்தது. அவருக்குச் சொல்ல இருந்தது பாவாடையைப் பற்றி மட்டுந்தான். விளிப்புகளை எடுத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். மாமி கையிலிருந்த பொத்தான் டப்பாவை மூடி வைத்தார்.

"பேரச் சொல்லாம விஷயத்துக்குப் போனா அவா காதுல ஒண்ணும் ஏறாதுடி. இவளுக்கு மரியாதை தெரியலையேன்னு நெனச்சுண்டே பத்து நிமிஷமும் உக்காந்திருப்பா. ஸ்ரீரங்கன் மாமாவ எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். நன்னாப் பேசலேன்னாக்கூடப் பொறுத்துப்பர். பேர் சொல்லலேன்னா பொறுக்க மாட்டர்."

ஸ்ரீரங்கன் என்பவர் பள்ளியின் தாளாளர். எழுபது வயது. குழுவில் அவர் சொல்தான் கடைசிச் சொல். மாமி சொன்னதில் பொய் இல்லை என்று புஷ்பத்துக்கும் தெரிந்திருந்தது. மேடை என்று ஒன்று போட்டால், அதில் உட்கார்ந்திருப்பவர்களை ஒருவர் விடாமல் பெயர் சொல்லி அழைத்த பிறகே பேச்சைத் தொடங்குவது அந்த நாளில் தெருமுனைக் கூட்டத்திலிருந்து கோவில் விழா வரைக்கும் உள்ள வழக்கம். விட்டால் குறை. சொன்னால் நேரம் இல்லை.

கடை விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை காலையில் கனகராஜ் சவரம் செய்துகொண்டிருந்தபோது புஷ்பம் இதைச் சொன்னார். கனகராஜ் முதலில் கேலி செய்தார். நீ பேசுகிற அன்றைக்கு மைக் செட்டுக்காரன் வேலை மிச்சம் என்று போய்விடுவான், அடுத்த தெரு வரைக்கும் கேட்கும் என்றார். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"எங்க கடையில ஆள் வந்து உக்காந்ததும் வாயத் தொறந்தா மொதலாளி திட்டுவாரு. மொதல்ல சேலை அவுக மடியில விழணும். கைய வச்சுத் தடவிப் பாத்த பொறவுதான் பேச்சு."

"ஏழு பேரு மடியிலயும் போடுததுக்கு ஏழு பாவாடைக்கு நான் எங்க போக?"

"சேலை முழுசையுமா விரிக்கோம்? முந்தி மட்டுந்தான்."

புஷ்பம் அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். ஆனால் அந்த வார்த்தை கூடவே போயிற்று. சேலைக்கு முந்தி என்றால் பாவாடைக்கு எது?

சங்கத்துப் பாவாடையில் ஒரு விசேஷம் இருந்தது. கீழ் விளிம்புக்கு மேலே, ஒரு விரல் அகலத்தில், துணியைக் குறுக்காக மடித்து மூன்று மடிப்புகள் தைத்திருப்பார்கள். தையல்காரர்கள் அதை டக் என்பார்கள். பெண் வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிட்டால் பாவாடையின் நீளம் இறங்கும். ஜூனில் வாங்கிய பாவாடை அடுத்த ஜூனுக்கும் உதவும். பெரிய கடைக்காரர்கள் டக் வைப்பதில்லை. துணி கூடுதலாகச் செலவாகும், தைக்க நேரமும் ஆகும். சங்கம் தருவதற்கும் கடை தருவதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்தக் கீழ் ஒரு சாண் துணியில் இருந்தது. போன ஆண்டு அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குழுவின் காதுக்குப் போகவில்லை.

எத்தனை பெண்களுக்கு அது தேவைப்படுகிறது என்று தெரியாமல் பேசுவது புஷ்பத்துக்குப் பிடிக்கவில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் ஐந்து நாள், மாலை நாலு மணிக்கு மந்தைவெளியிலிருந்து நடந்து போய்ப் பள்ளி வாசலுக்கு எதிர்ப்புறம் நின்றார். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பெண்களின் பாவாடை நுனியை மட்டும் பார்த்தார். முழங்காலுக்கு மேலே போய்விட்ட பாவாடைகளை, வெட்டும் சாக்கட்டியால் ஒரு பழுப்புக் காகிதத்தில் கோடு கோடாகக் குறித்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு என்று வைத்துக்கொண்டதால் ஒரே பெண்ணை இருமுறை எண்ணும் தவறு நேரவில்லை. மிச்சம் இருந்த இரண்டு நாளும் சரிபார்த்தார். நாலாம் நாள் வாசல் காவலாளி தெருவைக் கடந்து வந்தார்.

"இன்னாம்மா, டெய்லி வந்து நின்னுக்கினு கீறே. எந்தப் பொண்ணைப் பாக்க வந்தே? ஜாதகம் வேணும்னா வூட்டுல போய்க் கேளு."

"பொண்ணைப் பாக்கல அண்ணாச்சி. பாவாடையைப் பாக்கேன்."

காவலாளி சற்று யோசித்துவிட்டு, அது இன்னும் நல்லாயில்லை என்றார். புஷ்பம் காகிதத்தைக் காட்டி விளக்கிய பிறகுதான் போனார். ஐந்தாம் நாள் அவரே, ஏழாம் வகுப்பு இன்றைக்குப் பின்வாசல் வழியாகப் போகிறது என்று வந்து சொன்னார். கணக்கு இவ்வளவு: மூன்று வகுப்புகளிலும் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள். முழங்காலுக்கு மேலே ஏறிய பாவாடைகள் அறுபத்தேழு. ஒன்றிலும் டக் இல்லை; எல்லாம் கடந்த ஜூனில் கடையில் வாங்கியவை.

அடுத்த வாரம் மாதிரிகள் தயாராயின. ஒரு சாண் அகலமும் ஒரு சாண் உயரமுமாக நீலத் துணியில் ஏழு துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் மூன்று டக் வைத்தார்கள். கீழிரண்டு டக்கையும் இயந்திரத்தில் தைத்தார்கள். மேல் டக்கை மட்டும் புஷ்பம் கையால் சங்கிலித் தையல் போட்டு, நூலின் நுனியைக் கொஞ்சம் வெளியே விட்டார். அந்த நுனியை இழுத்தால் தையல் முழுவதும் ஒரே ஓட்டமாக உருவிக்கொண்டு வரும், டக் இறங்கும். வீட்டில் பிரிப்பது இவ்வளவு சுலபம் அல்ல, பிளேடு வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டார்.

விளிப்புப் பிரச்சினைக்கும் வழி அப்போதுதான் கிடைத்தது. கனகராஜின் கடையில் சேலைகளுக்கு நூல் கோத்துக் கட்டும் விலை அட்டைகள் உண்டு. எழுதாத அட்டைகள் ஏழு வாங்கி வந்து, ஒவ்வொரு துண்டிலும் ஒன்றைக் கட்டி, உறுப்பினர் ஒவ்வொருவரின் பெயரையும் அதில் எழுதிவிடுவது. பேச்சைத் தொடங்கும் முன்பே மேசையைச் சுற்றி வந்து, ஒவ்வொருவர் முன்பும் வணங்கி, அவரவர் பெயருள்ள துண்டை வைத்துவிடுவது. வாயால் சொல்ல வேண்டியது எழுத்தில் போய்விடும். கடிகாரமும் அதற்குப் பிறகுதான் ஓடும்.

இதைக் கோமளம் மாமியிடம் சொன்னபோது அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, பேனாவைக் கொண்டா, உன் கையெழுத்தில் எழுதினால் யாருக்கும் புரியாது என்றார். ஏழு அட்டைகளையும் அவரே எழுதினார். தலைப்பெழுத்து, பட்டம், பதவி ஒன்றும் தவறவில்லை. ஸ்ரீரங்கன் பெயருக்கு மேலே கல்விக் காவலர் என்று சேர்க்கப் பார்த்தார். அட்டை இரண்டு விரல் அகலந்தான்; இடம் இல்லை. மனமில்லாமல் விட்டார்.

மீதி இருந்தது ஒரு பொருள். நஸ்ருன்னிசாவின் மகள் ஷகீலா அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு. 1971 ஜூனில் சங்கம் தைத்த பாவாடையை அவள் இன்னும் உடுத்திக்கொண்டிருந்தாள். இரண்டு டக் பிரித்தாகிவிட்டது, மூன்றாவது பாக்கி. அதைப் புஷ்பம் தூக்கிப் பிடித்துக் காட்ட வேண்டும், இருபது மாதம் ஆகியும் நீளம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அதில் ஒரு சங்கடமும் இருந்தது. துணி வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்திருந்தது. டக்குக்குள் மறைந்திருந்த பகுதி மட்டும் வெளுக்கவில்லை. ஆகவே பிரித்த இரண்டு இடங்களிலும் கருநீலமாக இரண்டு பட்டைக் கோடுகள் சுற்றிலும் ஓடின. தூரத்தில் பிடி, பக்கத்தில் கொண்டுபோகாதே என்று மாமி சொல்லிவைத்தார். புஷ்பத்துக்கு அது உவப்பாக இல்லை. இருந்தாலும் தலையசைத்தார். எட்டு இயந்திரங்களும் போய்விடக்கூடும் என்ற நிலையில் ஒரு கோட்டைப் பெரிதுபடுத்த அவருக்குத் துணிவு வரவில்லை.

1973 பிப்ரவரி 17, சனிக்கிழமை. பள்ளி நூலக அறையில் கூட்டம். முதலில் பெரிய கடையின் பிரதிநிதி உள்ளே போனார். கதவு திறந்தே இருந்ததால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த புஷ்பம், மாமி, நஸ்ருன்னிசா மூவருக்கும் எல்லாம் கேட்டது. அவர் நல்ல ஆங்கிலத்தில், தடங்கலில்லாமல், வண்ணப் படங்கள் அச்சிட்ட புத்தகத்தைப் புரட்டிக் காட்டிப் பேசினார். ஒன்பதாவது நிமிடத்தில் நன்றி சொல்லி முடித்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நஸ்ருன்னிசா மட்டும், அந்தப் புத்தகத்தையே உடுத்திக்கொண்டு வரச் சொல்லலாம் என்று முணுமுணுத்தார். மாமி அவர் தொடையில் கிள்ளினார்.

புஷ்பம் உள்ளே போனார். இடக்கையில் ஏழு துண்டுகள், வலத்தோளில் ஷகீலாவின் பாவாடை. ஸ்ரீரங்கன் முன்னால் போய்க் கைகூப்பி, அவர் பெயருள்ள துண்டை வைத்தார். அவர் அட்டையைக் கண்ணாடிக்கு அருகே பிடித்துப் படித்தார். அடுத்தவர், அடுத்தவர் என்று மேசையைச் சுற்றி வந்தார் புஷ்பம். ஏழாவது துண்டைத் தலைமையாசிரியை முன் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருப்பதைக் கண்டார். அதில் தொப்பி வைத்த ஒருவர் உட்கார்ந்து, தம் முறைக்காகக் காத்திருப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெற்றோர் சார்பில் ஓர் உறுப்பினரைச் சேர்ப்பது என்று குழு அந்த வாரம்தான் முடிவு செய்திருந்தது. வியாழக்கிழமை தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஹபீபுர் ரஹ்மான். மயிலாப்பூரில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடை வைத்திருந்தார். இரண்டு பெண்கள் அந்தப் பள்ளியில் படித்தார்கள். அறிவிப்புப் பலகையில் அவர் பெயர் இன்னும் ஏறவில்லை. இவையெல்லாம் புஷ்பத்துக்குப் பின்னால் தெரிந்தவை. அப்போது தெரிந்தது, ஏழு பேர் கையில் துணி இருக்கிறது, ஒருவர் கை வெறுமையாக இருக்கிறது என்பது மட்டுந்தான். மாமி எந்தக் குறையைச் சொல்லிப் பயந்தாரோ அந்தக் குறை, ஏழு பேருக்கு மரியாதை செய்யப் போய் எட்டாமவருக்கு நேர்ந்துவிட்டது. விட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நிற்கலாம். கால் போகவில்லை. தோளில் இருந்த பழைய பாவாடையை எடுத்து மடித்து அவர் முன்னால் வைத்தார்.

"அய்யா பேரு எனக்குத் தெரியாமப் போச்சு. மன்னிக்கணும்."

"பேர் கெடக்கட்டும்மா. துணியைக் குடு" என்றார் ஹபீபுர் ரஹ்மான்.

தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். புஷ்பம் தன் இடத்துக்கு வந்து நின்றார். பழுப்புக் காகிதத்தில் மூன்றே வரி எழுதி வைத்திருந்தார். முதல் வரி, நூலை இழுக்கச் சொல். சொன்னார். ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வழக்கறிஞர் முதலில் இழுத்தார். மடிப்பு இறங்கி அவர் விரல்மேல் விழுந்தது. பிறகு எல்லோரும் இழுத்தார்கள். வயதான ஓர் உறுப்பினருக்கு நூல் பாதியில் அறுந்தது. அவர் நகத்தால் பிரித்தார். பெண் ஒரு விரற்கடை வளர்ந்தால் இதைச் செய்தால் போதும், இப்படி மூன்று தடவை செய்யலாம், வீட்டில் செய்யும்போது பிளேடு வேண்டும் என்றார் புஷ்பம். இரண்டாவது வரி, இருநூற்றுப் பன்னிரண்டில் அறுபத்தேழு. அதைச் சொல்ல வாயெடுத்தபோது ஹபீபுர் ரஹ்மான் குறுக்கிட்டார். பாவாடையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிப் போட்டு, மடிப்பு மடிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். நாள் முழுவதும் மடிப்போடு பழகுகிற கண்.

"ஏம்மா, இங்க கோடு தெரியுதே. ரெண்டு கோடு."

பாவாடையை அவர் பக்கத்தில் இருந்த தலைமையாசிரியையிடம் நகர்த்தினார். அது கைக்குக் கை மாறி மேசையைச் சுற்றிப் போயிற்று. வெளியே பெஞ்சில் கோமளம் மாமி கண்ணை மூடிக்கொண்டார் என்று நஸ்ருன்னிசா பின்னால் சொன்னார்.

அந்த ஒரு தவணைத் துணியின் சாயம் மட்டம் என்று சொல்லலாம். இனிமேல் வராது என்று சொல்லலாம். இரண்டும் புஷ்பத்துக்குத் தோன்றின. ஆனால் துணி ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. கையில் இருக்கும் துணியைப் பற்றிப் பொய் சொல்லி ஒரு விற்பனையும் நடந்ததில்லை என்று கனகராஜ் வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

"தெரியுங்க அய்யா. நாங்க தைக்கிற எல்லாப் பாவாடையிலயும் டக்கைப் பிரிச்சாக் கோடு தெரியும். மறைக்க முடியாது. கடைப் பாவாடையில தெரியாது. அதுல பிரிக்கதுக்கு ஒண்ணும் இல்ல."

பிறகுதான் இரண்டாவது வரியைச் சொன்னார். அறுபத்தேழு என்ற எண்ணைக் கேட்டதும் தலைமையாசிரியை நிமிர்ந்து, யார் எண்ணியது என்று கேட்டார். தாமே வாசலில் நின்று எண்ணியதாகப் புஷ்பம் சொன்னார். சந்தேகம் இருந்தால் காவலாளியைக் கேட்கலாம் என்றார். வழக்கறிஞர் சிரித்துவிட்டார். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. காலை வழிபாட்டில் வரிசையாக நிற்கும்போது ஒரு பெண்ணுக்கு ஒரு கோடு, இன்னொருத்திக்கு இரண்டு கோடு என்று இருந்தால் சீருடை எப்படிச் சீராக இருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. புஷ்பம் அதற்குத் தயாராக வரவில்லை. அதற்குள் ஹபீபுர் ரஹ்மான் பேசினார். பேச்சு புஷ்பத்தை நோக்கி இல்லை, குழுவை நோக்கி இருந்தது.

"நானும் ஜூன்ல ரெண்டு பொண்ணுக்கும் கடையில வாங்கினேன். பொங்கலுக்குள்ள பெரியவளுக்கு முட்டி மேல ஏறிட்ச்சு. ஸ்கூலுக்குப் போறப்ப கையால கீழ இழுத்துக்கினே போவுது. கோடு தெரிஞ்சா இன்னா? பொண்ணு வளந்துச்சுன்னு தெரியும், அவ்ளோதானே."

மணி அடித்தது. புஷ்பத்தின் மூன்றாவது வரி, சங்கத்துப் பெண்களைப் பற்றியது, எட்டு இயந்திரங்களைப் பற்றியது, காகிதத்திலேயே தங்கிவிட்டது. கைகூப்பிவிட்டுத் திரும்பினார். ஸ்ரீரங்கன், புஷ்பம் பேசிய நேரம் முழுவதும் இறங்கிய மடிப்பைப் பழையபடி மடித்து வைக்க முயன்றுகொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தினார்.

"இனிஷியல் சரியாப் போட்டிருக்கேளே. போன வருஷம் மாறிப்போச்சு" என்று சொல்லி, அட்டையை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கோமளம் மாமி கேட்ட முதல் கேள்வி, நன்றி சொன்னாயா என்பது. சொல்லவில்லை என்று புஷ்பத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அபிராமபுரத்திலிருந்து மந்தைவெளி வரும் வரைக்கும் மாமி அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். அட்டைகளை எழுதியது யார் என்பதையும் இரண்டு முறை நினைவூட்டினார். நஸ்ருன்னிசா, மாமி நன்றி சொல்லியிருந்தால் அதற்குள் அடுத்த ஜூன் வந்திருக்கும் என்றார். மாமிகூடச் சிரித்தார். புஷ்பம் சிரிக்கவில்லை. தலைமையாசிரியையின் கேள்விக்குப் பதில் அவருக்கு வழியில் ஒரு கடையின் நாடாச் சுருள்களைப் பார்த்தபோதுதான் தோன்றியது. அன்று மாலையே வெட்டு மேசையில் உட்கார்ந்து, டக் பிரித்த கோட்டின்மேல் அதே நீலத்தில் மெல்லிய நாடா ஒன்றை வைத்துத் தைத்தால் எல்லாப் பாவாடையும் ஒன்றுபோல் தெரியும் என்று தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதி, நாடா தைத்த துண்டு ஒன்றையும் வைத்து அனுப்பினார். கடிதத்தின் கடைசி வரியில் நன்றி சொல்லியிருந்தார். நகல் சங்கக் கோப்பில் இருக்கிறது.

மார்ச் 5 அன்று பள்ளியிலிருந்து பதில் வந்தது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பெண்களின் பாவாடைகள் மட்டும், சோதனையாக ஓர் ஆண்டுக்கு, சங்கத்துக்கு. வெள்ளைச் சட்டைகளும் மேல் வகுப்புப் பாவாடைகளும் கடைக்கு. பிரித்த கோட்டின்மேல் நாடா தைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அரசுத் துறையிலிருந்து ஏப்ரலில் ஆய்வுக்கு வந்த அலுவலர் எட்டு இயந்திரங்களிலும் நீலத் துணி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டுகளிலும் குழு முன்னால் புஷ்பமே பேசினார். அட்டைகள் எட்டு ஆயின. எட்டாவதில் ஹபீபுர் ரஹ்மான் என்ற பெயரைக் கோமளம் மாமி முதலில் எழுதி முதலில் காய வைப்பார். எட்டுக்கு மேல் எழுதாத அட்டையும் துண்டும் ஒன்று எப்போதும் புஷ்பத்தின் பையில் இருக்கும். அது ஒருமுறை மட்டும் தேவைப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பழைய பாவாடையையும் கொண்டுபோய், கோடு மேலே தெரியும்படி மேசை நடுவில் வைப்பார். கனகராஜ் வயதான பிறகு, தன் கடைப் பாடத்தைப் பள்ளியில் போய்ச் சொல்லிப் பேர் வாங்கியவள் என்று கேலி செய்வார். புஷ்பம் மறுத்ததில்லை.

1979-80 கல்வியாண்டோடு பள்ளி சீருடையின் நிறத்தை மாற்றியது. அதன் பின் வேலை வேறிடத்துக்குப் போயிற்று. சங்கத்துக்கு அதற்குள் வேறு வேலைகள் கிடைத்திருந்தன. இயந்திரங்கள் திரும்பப் பெறப்படவில்லை. ஓர் ஆண்டுக்கென்று கொடுக்கப்பட்ட சோதனை ஏற்பாடு நடந்தது ஏழு ஆண்டுகள்.